தலையைப் பிடி, கழுத்தை விடு!



முதலில் ஒரு கேள்வி. உழவு மாடு ஒன்றின் எடை சுமார் 400 கிலோ. அதை ஓட்டிச் செல்லும் சிறுவனின் எடை 30 கிலோ. மாடு நினைத்தால் அவனை ஒரே முட்டில் தூக்கி எறிந்துவிடும். ஆனாலும் அவன் இழுத்த பக்கமெல்லாம் அது சாதுவாகப் போகிறதே, எப்படி?

"மூக்கணாங்கயிறு!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சபாஷ்! கயிறு மாட்டின் காலில் இல்லை, வயிற்றில் இல்லை, தலையில் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் மாடு போகும்.

ஸ்ரீரங்கத்தில் கோயில் யானை வீதியில் வரும்போது கவனித்திருக்கிறீர்களா? பாகன் யானையின் நடு முதுகில் உட்கார மாட்டார். கழுத்தின் மேல், காதுகளுக்குப் பின்னால்தான் உட்காருவார். தலைக்கு அருகில் இருந்தால்தான் யானை அவர் சொன்னபடி கேட்கும்.

தலை போகும் வழியில் உடல் போகும். இந்த உண்மையை மல்யுத்த வீரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்து அவர்கள் போடும் ஒரு பிடிதான் "முன் தலைப்பிடி". ஆங்கிலத்தில் இதை "ஃப்ரண்ட் ஹெட்லாக்" என்பார்கள். அதைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம். அதற்கு முன் நம்ம திருச்சிக்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

உறையூர் இளவரசன்

திருச்சி நகரத்தின் ஒரு பகுதியாக இன்று இருக்கும் உறையூர், ஒரு காலத்தில் சோழர்களின் தலைநகரம். அதற்குக் "கோழி" என்றும் ஒரு பெயர் உண்டு. இங்கே ஒரு சேவல் யானையோடு சண்டை போட்டு அதை விரட்டியதாம். அதனால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். சிறியவன் பெரியவனை வெல்ல முடியும் என்பதற்கு ஊர்ப் பெயரே சாட்சி!

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரைத் தித்தன் என்ற சோழ மன்னன் ஆண்டான். அவன் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. பெயர் நீளமாக இருக்கிறதா? நாம் கிள்ளி என்று கூப்பிடுவோம். தந்தைக்கும் மகனுக்கும் ஒத்துப் போகவில்லை. கிள்ளி அரண்மனையை விட்டு வேற்றூரில் போய் வாழ்ந்தான். அரச விருந்து சாப்பிட்ட இளவரசனுக்கு அங்கே கூழ்தான் உணவு. ஆனாலும் அவன் தோள்கள் மட்டும் மெலியவே இல்லை.

முக்காவல் நாட்டில் ஆமூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய மல்லன் இருந்தான். கிள்ளி அவனோடு மோதினான். மோதி வென்றான்!

இந்தக் கிள்ளியைப் பற்றிப் புறநானூற்றில் 80 முதல் 85 வரை ஆறு பாடல்கள் இருக்கின்றன. மூன்று பாடல்களைச் சாத்தந்தையார் பாடினார். மற்ற மூன்றைப் பாடியவர் நக்கண்ணையார் என்ற பெண் புலவர். இவர் பெருங்கோழி என்னும் உறையூரைச் சேர்ந்த வணிகர் ஒருவரின் மகள்.

சாத்தந்தையார் கண்ணால் கண்டதுபோல் சொல்கிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து ஊன்றி நிற்கிறது. இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்துப் பின்பக்கம் வளைத்துக் கொள்கிறது. பசித்த யானை மூங்கிலை வளைத்துத் தின்ன முயல்வதுபோல, மல்லனின் தலை, கால் ஆகிய இரண்டு முனைகளும் ஒடியும்படி கிள்ளி மோதுகிறான். "தந்தை மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியைத் தித்தன் வந்து பார்க்க வேண்டும்!" என்று ஆசைப்படுகிறார் புலவர்.

சண்டை எவ்வளவு வேகமாக நடந்தது தெரியுமா? அதற்கு ஓர் உவமை சொல்கிறார். கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவர். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. வெளியே மழை பெய்கிறது. பொழுதும் சாயப் போகிறது. கட்டிலை முடித்துக் கொடுத்துவிட்டு அவர் ஓட வேண்டும். அவர் கையில் இருக்கும் ஊசி எவ்வளவு வேகமாகப் போய்வரும்! அதைவிட வேகமாக நடந்ததாம் அந்தச் சண்டை.

நக்கண்ணையார் பாட்டிலோ ஒரு பெண் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்துகொண்டு போட்டியைப் பார்க்கிறாள். "இவன் வெல்வான்" என்று ஒரு கூட்டம். "இல்லை" என்று இன்னொரு கூட்டம். இன்றைக்குக் கிரிக்கெட் பார்க்கும்போது நீங்கள் சண்டை போட்டுக் கொள்வது போலவேதான்!

ஒன்றைக் கவனித்தீர்களா? மூங்கிலின் இரண்டு முனைகளைப் போல மனிதனுக்குத் தலையும் காலும். நடுவில் எவ்வளவு பலம் இருந்தாலும் முனையைக் கட்டுப்படுத்தினால் ஆள் அடங்கிவிடுவான். முன் தலைப்பிடியின் இரகசியமும் இதுதான்.

ஆனால் ஆமூர் மல்லன் அந்தப் போரில் உயிர் பிழைக்கவில்லை. அன்று அது உயிர்ப் போர். இன்று மல்யுத்தம் ஒரு விளையாட்டு. எதிராளியும் நல்லபடியாக வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு விரல் போதும்!

தலைக்கு அவ்வளவு சக்தியா என்று சந்தேகமா? இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஆபத்து எதுவும் இல்லை.

உங்கள் அப்பாவையோ அண்ணனையோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களும் தரையில் முன்னால் இருக்கட்டும். கைகள் மடியில் இருக்கட்டும். இப்போது அவர் நெற்றியில் உங்கள் ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்திக் கொள்ளுங்கள். "எழுந்திருங்கள், பார்க்கலாம்!" என்று சொல்லுங்கள். அவரால் எழுந்திருக்க முடியாது!

காரணம் எளிது. உட்கார்ந்திருக்கும்போது நம் உடல் எடை நாற்காலியின் மேல் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டுமானால் அந்த எடை பாதங்களுக்கு மேலே வர வேண்டும். அதற்குத் தலையும் மார்பும் முதலில் முன்னால் சாய வேண்டும். நெற்றியில் இருக்கும் விரல் அதைத் தடுத்துவிடுகிறது.

கதவிலும் ஒரு சோதனை செய்யலாம். கீல் இருக்கும் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கதவு நகரவே கஷ்டப்படும். கைப்பிடிப் பக்கத்தில் தள்ளுங்கள், சுலபமாகத் திறக்கும். சுழலும் இடத்திலிருந்து தூரம் கூடக் கூட, குறைந்த விசையே போதும். இதுதான் நெம்புகோல் தத்துவம். நம் உடலின் நிறை மையம் இடுப்பை ஒட்டி இருக்கிறது. தலை அதிலிருந்து தூரத்தில் இருக்கும் முனை. அதனால்தான் தலையை அசைத்தால் உடலே ஆடிப்போகிறது.

பிடி விழும் விதம்

மல்யுத்தப் போட்டியில் ஒருவர் சிவப்பு உடையும் மற்றவர் நீல உடையும் அணிவார்கள். மெத்தையின் மேல் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் மோதுவார்கள்.

நீல வீரர் சடாரென்று குனிந்து சிவப்பு வீரரின் கால்களைப் பிடிக்கப் பாய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வீரர் உடனே தன் இரண்டு கால்களையும் பின்னால் எறிந்து, இடுப்பைக் கீழே இறக்குகிறார். நீல வீரரின் கைக்குக் கால் கிடைக்கவில்லை. அவர் தலை இப்போது சிவப்பு வீரரின் மார்புக்குக் கீழே மாட்டிக்கொண்டது!

இங்கேதான் முன் தலைப்பிடி விழுகிறது. சிவப்பு வீரர் ஒரு கையை நீல வீரரின் மோவாய்க்கு அடியில் கொடுத்துத் தலையைப் பிடிக்கிறார். மற்றொரு கையால் அவருடைய மேற்கையை வளைத்துப் பிடிக்கிறார். தன் மார்பின் எடையை அவர் மேல் இறக்குகிறார். முழங்கைகளைத் தன் விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். இப்போது நீல வீரர் நிமிர முடியாது. பாதி எடையைத் தன் கைகளாலும் முழங்கால்களாலும் தாங்கிக்கொண்டு தவிக்க வேண்டியதுதான்.

சிவப்பு வீரர் ஜெயித்துவிட்டாரா? இல்லை! இந்தப் பிடியைப் போட்டதற்காக மட்டும் புள்ளி எதுவும் கிடையாது.

முன் தலைப்பிடி நம்ம திருச்சி ஜங்ஷன் மாதிரி. ஜங்ஷனிலேயே யாரும் குடியிருக்க மாட்டார்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்குப் போகலாம், திண்டுக்கல்லுக்குப் போகலாம், கரூருக்கும் புதுக்கோட்டைக்கும் போகலாம். அதுபோல இந்தப் பிடியிலிருந்து பல வழிகள் பிரிகின்றன.

முதல் வழி: தலையை அழுத்தியபடியே சுற்றி ஓடி எதிராளியின் முதுகுப் பக்கம் போய், அவரைக் கட்டுப்படுத்துவது. இதற்கு 2 புள்ளிகள்.

இரண்டாம் வழி: எதிராளி தலையைத் தூக்கப் பலமாக முயலும்போது சட்டென்று பிடியை விட்டுவிடுவது. அவர் நிமிர்வார். அப்போது திறந்து கிடக்கும் அவர் காலைப் பிடித்துச் சாய்ப்பது.

மூன்றாம் வழி: தலையையும் கையையும் சேர்த்துப் பிடித்தபடி அவரைப் புரட்டி மல்லாக்கச் சாய்ப்பது. அவருடைய இரண்டு தோள்களையும் மெத்தையில் பட வைத்து அழுத்திவிட்டால் போட்டி அத்தோடு முடிந்தது.

எந்த வழி என்பதை எதிராளியின் அசைவுதான் சொல்லும். ஆகவே பிடித்துக்கொண்டே கவனிக்க வேண்டும். முரட்டுத்தனமாக இறுக்குகிறவருக்கு இந்தக் கவனம் வராது.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பல பள்ளிகளில் வேலை பார்த்தேன். ஒரு பள்ளியில், இடைவேளை நேரத்தில் மரத்தடியில் ஒரே கைதட்டல். போய்ப் பார்த்தால், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நண்பனின் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கிக்கொண்டிருந்தான். முதல்நாள் டி.வி.யில் பார்த்த சண்டையாம். அகப்பட்டவன் முகம் சிவந்து போயிருந்தது. அவன் கை காற்றில் தடவிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் அதையும் விளையாட்டு என்று நினைத்துத் தட்டினார்கள். உடனே பிரித்துவிட்டோம். நல்லவேளை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "விளையாட்டுக்குத்தான் சார் பிடிச்சேன். அவன் விடச் சொல்லவே இல்லையே!" என்றான் பிடித்தவன். கழுத்து இறுகியவனுக்குப் பேச்சு எப்படி வரும்?

நம் கழுத்து எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். முன்பக்கம் மூச்சுக்குழாய் போகிறது. இரண்டு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் போகின்றன. பின்பக்கம் ஏழு சிறிய முள்ளெலும்புகள். அவற்றின் நடுவே தண்டுவடம். சாப்பாடு, காற்று, இரத்தம், மூளையின் கட்டளை எல்லாம் இந்தச் சின்னப் பாலத்தின் வழியாகத்தான் போய்வருகின்றன. இரண்டு பக்கத் தமனிகளும் அழுந்தினால் சுமார் பத்து நொடிகளிலேயே மயக்கம் வந்துவிடும். "பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடலாம்" என்று நினைக்கவே கூடாது.

டி.வி.யில் வரும் சண்டைகள் முன்பே பேசி வைத்து, பழகிய ஆட்கள் நடித்துக் காட்டும் காட்சிகள். அதைப் பார்த்து மரத்தடியில் செய்யலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

உலக மல்யுத்த விதிகள் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவை. கழுத்தை நெரிக்கக் கூடாது. தலையையோ கழுத்தையோ மட்டும் இரண்டு கைகளாலும் வளைத்துக் கட்டக் கூடாது. அப்படிக் கட்ட வேண்டுமானால் எதிராளியின் ஒரு கையும் பிடிக்குள் இருக்க வேண்டும். யாருக்காவது மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்தால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

எதிராளியின் கையையும் சேர்த்துப் பிடிப்பதில் இரட்டை நன்மை. விதியையும் மீறவில்லை, கையை ஊன்றி எழும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்காது. நல்ல வீரரின் முன்கை மோவாய்ப் பக்கம் இருக்கும், தொண்டைக்குள் அழுந்தாது. அவர் பிடிப்பது தலையைத்தான், மூச்சை அல்ல.

ஜூடோ, ஜியு-ஜிட்ஸு போன்ற கலைகளில் கழுத்தை அழுத்தும் பிடிகளும் உண்டு. ஆனால் அங்கே பயிற்சியின் முதல் பாடமே "தட்டினால் விடு" என்பதுதான். அகப்பட்டவர் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். விடாதவருக்கு அங்கே இடமில்லை.

அகப்பட்டுக் கொண்டால்?

போட்டியில் முன் தலைப்பிடியில் மாட்டிக்கொண்ட வீரர் என்ன செய்வார்? முதலில் மோவாயைப் பிடித்திருக்கும் கையின் மணிக்கட்டைப் பற்றி இறக்குவார். பிறகு முதுகை நிமிர்த்தித் தலையை உயர்த்துவார். அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து தலையை வெளியே எடுப்பார். அசையாமல் கிடந்தால் எதிராளி முதுகுப் பக்கம் போய்விடுவார் அல்லவா?

பள்ளியில் யாராவது விளையாட்டாக உங்கள் கழுத்தைப் பிடித்தால், மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளாலும் அவன் கையைப் பற்றிக் கீழே இழுங்கள். பலமாகத் தட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கைதட்டாமல் பிரித்துவிட வேண்டும். ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். கழுத்து இறுகிய பிறகு தலைசுற்றல், குரல் மாற்றம், விழுங்கும்போது வலி என்று ஏதாவது இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் வீட்டில் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள்.

கோதாவிலிருந்து மெத்தைக்கு

மல்யுத்தம் மிகப் பழைய கலை. எகிப்து நாட்டில் பெனி ஹசன் என்ற இடத்தில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறைச் சுவரில் இருநூறுக்கும் மேற்பட்ட மல்யுத்த இணைகளை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

திருச்சி மலைக்கோட்டை ஏறும்போது மேலே ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறதே, அதைக் குடைந்தவர் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். அவர் மகன் நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் "மாமல்லன்". பெரிய மல்லன் என்று பொருள். மாமல்லபுரம் அவர் பெயரால் வழங்குகிறது.

நம் நாட்டுப் பயில்வான்கள் கொத்திப் பதப்படுத்திய மண் கோதாவில் பழகினார்கள். அப்படிக் கோதாவில் வளர்ந்த கே.டி. ஜாதவ், 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் சாக்ஷி மாலிக், 0-5 என்று பின்தங்கியிருந்து, 8-5 என்று வென்று வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? மிகவும் நல்லது. மெத்தை, பயிற்சியாளர், ஒத்த எடையுள்ள ஜோடி - இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் மட்டும் பழகுங்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள். திருச்சியில் இருப்பவர்கள் அண்ணா விளையாட்டரங்கத்தில் விசாரிக்கலாம். காவிரி மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே போய் நீங்களாகவே பிடி போட்டுப் பார்க்காதீர்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்!

* "மல்லுக்கட்டாதே", "பிடி கொடுக்காமல் பேசுகிறான்", "கோதாவில் இறங்கிவிட்டான்" - நாம் தினமும் பேசும் இவையெல்லாம் மல்யுத்தக் களத்திலிருந்து வந்தவை.

* "குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை" என்பது தோற்ற பயில்வானைக் கேலி செய்யும் பழமொழி.

* போட்டி மூன்று மூன்று நிமிடங்களாக இரண்டு சுற்றுகள். நடுவில் 30 நொடி ஓய்வு.

* கிரேக்க-ரோமன் வகை மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. தலையும் கைகளும்தான் அங்கே முக்கியம்.

கடைசியாக ஒன்று. பிடிக்கத் தெரிந்தவன் பாதி வீரன்தான். எப்போது விட வேண்டும் என்றும் தெரிந்தவனே முழு வீரன். நாளை இடைவேளையில் மரத்தடியில் யாராவது நண்பனின் கழுத்தை வளைத்தால், ஓடிப்போய் "தலையைப் பிடி, கழுத்தை விடு!" என்று சொல்லிப் பிரித்துவிடுங்கள். பிறகு நெற்றியில் ஒரு விரல் வைக்கும் வித்தையை அவர்களுக்குச் செய்து காட்டுங்கள். பலசாலியை ஒரே விரலால் உட்கார வைப்பதில் இருக்கும் ஆனந்தமே தனி!